மூஸ் கொம்பைத் தேடி: அலாஸ்காவா, வயோமிங்கா, சுவீடனா?

பினாங்கில் இருக்கும் நண்பர் ஒருவர், நான் தம்பி என்று அழைப்பவர், பல ஆண்டுகள் கேமராவோடு இருவாச்சிப் பறவைகளின் பின்னால் அலைந்தவர். இப்போது அவருக்கு மூஸ் என்னும் குளிர்நாட்டுப் பெரிய மானின் மேல் ஆசை வந்துவிட்டது. "அண்ணே, இரண்டு வாரம்தான் விடுப்பு. இன்னொரு முறை போவேனா என்பது சந்தேகம். இணைசேரும் பருவத்தில், பெரிய கொம்போடு பார்க்க வேண்டும். ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு கோலாலம்பூரில் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களின் பணம், விசா, முழங்கால் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகவே விரித்தே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பயணங்களை ஒப்பிடும்போது நம்மவர்கள் முதலில் விமானக் கட்டணத்தைப் பார்ப்பார்கள், அடுத்ததாகப் பின்னணியில் பனிமலை உண்டா என்று பார்ப்பார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: அந்த ஊரில் மனிதனைக் கண்டால் ஓட வேண்டிய காரணம் மூஸுக்கு இருக்கிறதா? மூஸ் வாழும் பெரும்பாலான நாடுகளில் அது இறைச்சிக்காக வேட்டையாடப்படும் விலங்கு. வேட்டைப் பருவமும் இலையுதிர்காலத்தில்தான் வருகிறது. கொம்பு முழுமையாக இருக்கும் அதே வாரங்கள்! துப்பாக்கிக்குப் பழகிய ஆண் மூஸ் காரின் கதவு சாத்தும் ஓசையிலேயே மரங்களுக்குள் போய்விடும். நம் காடுகளில் மிளாவைப் பகல் வெளிச்சத்தில் படமெடுக்க முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனித நடமாட்டத்துக்குப் பழகிய, தொந்தரவு இல்லாத இடத்திலோ அதே மூஸ் நாற்பது மீட்டர் தூரத்தில் நம்மைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கும். எந்த இடம் அழகு என்பதைவிட, எந்த இடத்தில் விலங்கின் முன் அதிகக் காலைப்பொழுதுகள் நிற்கக் கிடைக்கும் என்பதே இந்த முடிவில் எனக்கு முக்கியம்.

எப்போது போவது

இடத்துக்கு முன் தேதியைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மாட்டின் கொம்பைப் போல மூஸ் கொம்பு வாழ்நாள் முழுவதும் தலையில் இருப்பதில்லை. அது ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும் எலும்பு. வசந்தத்தில் தொடங்கி, கோடையில் ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும் அளவுக்கு வேகம் பிடிக்கும். அப்போது இரத்தக் குழாய்கள் ஓடும் மென்மையான, ரோமம் அடர்ந்த தோல் அதன்மேல் போர்த்தியிருக்கும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அந்தத் தோல் கிழிந்து தொங்க, உள்ளே இரத்தம் தோய்ந்த எலும்பு தெரியும். இந்தக் கோலம் மிகச் சில நாள்களே நீடிக்கும். பிறகு செடிகளிலும் இளமரங்களிலும் தேய்த்துத் தேய்த்து, செடிச்சாறு ஏறி, கொம்பு பழுப்பு நிறம் கொள்ளும்.

இணைசேரும் பருவம் செப்டம்பர் கடைசி வாரத்திலும் அக்டோபர் முதல் சில நாள்களிலும் உச்சத்தை அடைகிறது. பகலின் நீளம் குறைவதுதான் இதைத் தூண்டுகிறது. அதனால் ஒரு செப்டம்பர் வெயிலோ குளிரோ எப்படி இருந்தாலும் தேதி பெரிதாக நகராது. அலாஸ்காவுக்கும் வயோமிங்குக்கும் இடையிலும் வித்தியாசம் சில நாள்களே. அந்த நாள்களில் ஆண் மூஸ் தீனியை ஏறக்குறைய மறந்துவிடும். முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக் குழியாக்கி, அதில் சிறுநீர் கழித்துப் புரளும். அந்த வாடைக்குப் பெண் மூஸ்கள் வந்து சேரும். இரண்டு பெரிய ஆண்கள் எதிர்ப்பட்டால் உடனே மோதிக்கொள்வதில்லை. தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, கால்களை விறைப்பாக வைத்து, தங்கள் கொம்பின் அகலத்தைக் காட்டிக்கொண்டே நடப்பார்கள். பெரும்பாலும் ஒருவர் விலகிவிடுவார். விலகாதபோதுதான் சண்டை.

எனவே செப்டம்பர் நடுவில் போனால் முனை உடையாத, புதிதாகத் தேய்ந்த கொம்பு கிடைக்கும், நாடகம் குறைவு. மாதக் கடைசியில் போனால் நாடகம் உண்டு, ஆனால் நல்ல கொம்புகளில் ஒன்றிரண்டு முனைகள் முறிந்திருக்கும். என் தேர்வு செப்டம்பர் 20ஐ ஒட்டிப் போய்ச் சேர்ந்து, அக்டோபர் பிறக்கும் வரை இருப்பது. செப்டம்பர் 16 மலேசிய தினம் என்பதால், அதையும் அடுத்த வார இறுதியையும் பயணத்துக்குச் செலவழித்தால் விடுப்பில் ஓரிரு நாள்கள் மிச்சமாகும். முறிந்த முனை ஒரு குறை என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறிந்த முனையுள்ள கொம்பில் அந்தப் பருவம் எப்படிப் போயிற்று என்பதும் சேர்ந்து பதிவாகிறது.

ஆங்கரேஜ் நகரின் பின்புறம்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துக்குப் பின்னால் சுவர்போல எழும் மலைகள்தான் சுகாச் மாநிலப் பூங்கா. 1970இல் உருவானது, பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். நகரிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் கிளென் ஆல்ப்ஸ் என்ற வாகன நிறுத்தம் வரும். அங்கிருந்து பவர்லைன் கணவாயை நோக்கி அகலமான சரளைப் பாதை போகிறது. இலையுதிர்காலத்தில் பெரிய ஆண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் கூடுவது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். அலாஸ்கா முழுவதும் மூஸ் வேட்டை பெரிய சங்கதி என்றாலும், ஓட்டக்காரர்களும் நாயோடு நடப்பவர்களும் நாள்தோறும் புழங்கும் இந்தப் பாதையோரத்தில் மூஸ்கள் மனிதர்களைக் கண்டு மிரள்வதில்லை. நான் மேலே வைத்த கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் இல்லை.

கொம்பின் அளவிலும் இங்கே போட்டியே கிடையாது. அலாஸ்கா, யூக்கான் பகுதியின் மூஸ்தான் உலகிலேயே பெரிய மான். தோள் உயரம் இரண்டு மீட்டரைத் தொடும், எடை 600 கிலோவைத் தாண்டும். முதிர்ந்த ஆணின் கொம்பு விரிப்பு ஒன்றரை மீட்டர் என்பது இங்கே அதிசயம் இல்லை. பதிவாகியுள்ள மிகப் பெரியவை இரண்டு மீட்டருக்கும் மேல்.

அளவைவிட என்னை இழுப்பது அங்குள்ள இணைசேரும் முறை. அடர்காட்டு மூஸ்கள் ஜோடியாக நடப்பவை: ஓர் ஆண் ஒரு பெண்ணோடு சில நாள் இருந்து, பிறகு அடுத்த பெண்ணைத் தேடிப் போகும். அலாஸ்காவின் திறந்த வெளி மூஸ்களோ கூட்டமாகச் சேர்பவை. ஒரு பெரிய ஆண் பல பெண்களைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி இளைய ஆண்கள் சமயம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். படமெடுப்பவருக்கு இதன் பொருள் எளிது: ஓர் இடத்தில் நின்றாலே துரத்தலும் அழைப்பும் மிரட்டலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் நடக்கும். அங்கே செடிகளும் இடுப்பளவுதான். குட்டை பிர்ச் புதர்கள் செப்டம்பரில் சிவந்துவிடும், வில்லோ மஞ்சளாகும். அந்தச் சிவப்பின்மேல் கருத்த உடலும் வெளிறிய கொம்பும் மிதப்பதுபோல் தெரியும்.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் சூரியன் உதித்தால் நேராக உச்சிக்கு ஏறுகிறது, அரை மணி நேரத்தில் நல்ல ஒளி முடிந்துவிடுகிறது. ஆங்கரேஜ் வடக்கே 61 பாகையில் இருப்பதால், செப்டம்பர் கடைசியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 29 பாகைக்கு மேல் ஏறாது. உதயமும் காலை எட்டு மணியை ஒட்டித்தான். நள்ளிரவில் எழுந்து இருட்டில் நடக்க வேண்டாம், பகல் முழுவதும் சாய்ந்த ஒளி கிடைக்கும். விடியலுக்காக ஐந்து மணிக்கு அலாரம் வைத்தே பழகிய நம்மவர்களுக்கு இது பெரிய சலுகை.

குறைகள் இல்லாமல் இல்லை. செப்டம்பர் அங்கே மழை மாதம். மேகம் மலையை மூடிவிட்டால் ஒரு நாள் முழுவதும் பாழ்தான். கணவாயின் பெயரிலேயே இருக்கும் மின்கம்பங்கள் படச் சட்டத்துக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். நிற்கும் கோணத்தை மாற்றித்தான் தப்ப வேண்டும். கரடிகளும் உண்டு, கருங்கரடியும் பழுப்புக் கரடியும் இரண்டுமே. கரடிக்கான மிளகுத் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது, போய் இறங்கியதும் வாங்கிக்கொள்ள வேண்டும். மழை நாளுக்கு மாற்றாக விமான நிலையத்துக்கு அருகிலேயே கின்கெய்ட் பூங்கா இருக்கிறது. அது மரங்கள் அடர்ந்த நகரப் பூங்கா, ஆனால் அங்கும் மூஸ் வரும்.

அலாஸ்கா என்றால் டெனாலி தேசியப் பூங்காதானே என்று கேட்பவர்களுக்கு: பருவத்தின் உச்சத்தில் அது பயன்படாது. சொந்தக் காரில் சாலையின் முதல் 24 கிலோமீட்டர் வரைதான் போகலாம். நிலச்சரிவால் 2021 முதல் சாலை பாதியிலேயே மூடப்பட்டிருக்கிறது. பேருந்துகளும் பெரும்பாலான விடுதிகளும் செப்டம்பர் நடுவோடு கடையைக் கட்டிவிடும்.

டீட்டன் மலைகளின் அடியில்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா 1929இல் அமைந்தது. காலெண்டர்களில் பார்க்கும் மூஸ் படங்களில் பாதி இங்கே எடுத்தவை என்று சொன்னால் நம்பலாம். பின்னணியில் செங்குத்தான மலை வரிசை, முன்னால் மஞ்சளாகும் ஆஸ்பென் மரங்கள், நடுவே நீரோடையில் ஒரு மூஸ். பூங்காவுக்குள் மூஸ் வேட்டை கிடையாது. குரோ வான்ட்ர் ஆற்றங்கரை, மூஸ்-வில்சன் சாலை, பிளாக்டெயில் குளங்கள், ஆக்ஸ்போ வளைவு எல்லாமே காரிலிருந்து இறங்கினால் எட்டும் தூரத்தில் இருப்பவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், மனைவி மக்களோடு போகிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். இளம்பிள்ளைகள் காருக்குள்ளிருந்தே பார்க்கலாம். அதே நாள்களில் எல்க் மான்களும் இணைசேரும் பருவத்தில் இருப்பதால், விடியலில் அவற்றின் ஊளை பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும்.

ஆனால் இங்கிருப்பது ஷைராஸ் என்ற வகை, வட அமெரிக்காவிலேயே சிறிய மூஸ். அலாஸ்காவின் கொம்பைப் படத்தில் பார்த்து மனதில் ஆசை வளர்த்துக்கொண்டவர் இங்கே கொஞ்சம் ஏமாறுவார். நண்பகலில் வெயில் ஏறினால் மூஸ் நிழலுக்குள் படுத்துவிடும். குளிர்ப் பிரதேசத்துக்கென்றே அமைந்த உடல் அது, நாம் இதமென்று நினைக்கும் வெப்பமே அதற்குச் சுமை. ஆகவே காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் அதே அளவு, அவ்வளவுதான் வேலை. ஆற்றங்கரையில் ஓர் ஆண் தென்பட்டால் அரை மணி நேரத்தில் முக்காலிகள் வரிசை கட்டிவிடும். தைப்பூசத்தன்று பத்து மலைப் படிக்கட்டில் படமெடுத்தவர்கள் இந்த நெரிசலுக்கு அஞ்ச மாட்டார்கள், ஆனால் மூஸ் அஞ்சும்.

செலவும் கூடிவிட்டது. பக்கத்திலுள்ள ஜாக்சன் நகரத்து அறை வாடகை எப்போதுமே அநியாயம். 2026 தொடக்கத்திலிருந்து 16 வயதை எட்டிய, ஆண்டு நுழைவுச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் 100 டாலர் தர வேண்டிய பூங்காக்களின் பட்டியலில் கிராண்ட் டீட்டனும் இருக்கிறது. நான்கு பேர் குடும்பம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீட்டனுக்கு இன்னொரு முகம் உண்டு. நம்மவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. நவம்பரில் பருவம் ஓய்ந்து, முதல் பனி விழுந்த பிறகு, ஆண் மூஸ்கள் பகையை மறந்து அன்டிலோப் ஃபிளாட்ஸ் சமவெளியில் கூட்டமாக மேயும். கொம்புகள் இன்னும் தலையில் இருக்கும். மறைக்க மரம் இல்லை, கீழே வெண்பனி, பின்னால் மலை. சண்டையும் துரத்தலும் வேண்டாம், கொம்பு மட்டும் போதும் என்பவருக்கு உலகத்திலேயே இதுதான் சுலபமான வாய்ப்பு. செப்டம்பரில் விடுப்பு கிடைக்காதவர்கள் தீபாவளியைக் கொண்டாடிவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். டிசம்பர் நடுவைத் தாண்டினால் மூத்த ஆண்கள் கொம்பை உதிர்த்திருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடுங்குளிருக்கும் தயாராக இருக்க வேண்டும்.

விசா இல்லாத வழி

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தேவை. இந்த ஒரு காரணத்துக்காகவே சுவீடனைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கேள்வி நியாயமானதுதான். சுவீடனில் மூஸ்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் வேட்டையாடவும் படுகின்றன. வடக்கே செப்டம்பர் தொடக்கத்திலும் தெற்கே அக்டோபரிலும் வேட்டை தொடங்கும். ஊரே திரளும் பண்பாட்டு நிகழ்வு அது. நாட்டின் நடுப்பகுதியில் மாலை நேர மூஸ் சுற்றுலாக்கள் நடக்கின்றன. வயலோரத்தில் அந்தி மயங்கும் வேளையில் பெண்ணும் கன்றும் தென்படும். பெரிய ஆண் தென்படுவது அதிர்ஷ்டம். கொம்பும் ஒப்பீட்டில் சிறியது. பல ஆண்களுக்கு உள்ளங்கைபோல் விரிந்த தட்டே இராது, சாதாரண மான் கொம்புபோல் கிளை பிரிந்திருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: வட சுவீடனின் சாரெக் தேசியப் பூங்கா. 1909இல் அமைந்தது, ஐரோப்பாவின் முதல் தேசியப் பூங்காக்களில் ஒன்று. அங்குள்ள ராபா பள்ளத்தாக்கின் மூஸ்கள் வேட்டைத் தொல்லையின்றிப் பெருத்து வளர்ந்தவை. அவற்றின் கொம்புகளுக்கு ஐரோப்பாவில் தனிப் புகழே இருக்கிறது. ஆனால் உள்ளே சாலை இல்லை, குறியிட்ட பாதை இல்லை, தங்கும் குடில் இல்லை. கூடாரத்தையும் உணவையும் லென்ஸையும் முதுகில் சுமந்து பல நாள் நடக்க வேண்டும். வழியிலுள்ள மலைக் குடில்களும் செப்டம்பர் கடைசிக்குள் மூடிவிடும், மேலே பனி விழத் தொடங்கிவிடும். ஸ்கியர்ஃபே குன்றின் மேலிருந்து டெல்டாவைப் பார்த்தால் நெஞ்சு நிறையும். மூஸோ அங்கிருந்து ஒரு புள்ளிதான். மலையேறும் பழக்கமும் நல்ல துணையும் உள்ளவர் போகலாம். இருவாச்சிக்காகப் பினாங்கு மலையில் கேபிள் ரயிலில் ஏறிப் பழகியவரை நான் அனுப்ப மாட்டேன்.

கனடாவைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டொரோண்டோவிலிருந்து மூன்று மணி நேரத்தில் எட்டும் அல்கோன்குயின் பூங்கா 1893இல் தொடங்கியது. மேப்பிள் இலைகள் சிவக்கும் காலமும் மூஸ் பருவமும் அங்கே ஒன்றாக வருகின்றன. இலை பார்க்க வரும் கூட்டமும் அப்போதே வருகிறது. காடும் அடர்த்தி. அங்கே சாலையோரத்தில் மூஸை எளிதாகப் பார்க்கும் காலம் வசந்தம்தான். குளிர்காலத்தில் சாலையில் தூவிய உப்பு ஓடைகளில் தேங்கியிருக்க, அதை நக்க வரும். அப்போது கொம்பு முளைத்துக்கொண்டிருக்கும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் 1904இல் கொண்டுவந்து விட்ட நான்கு மூஸ்களின் வழிவந்தவை இன்று இலட்சத்துக்கும் மேல். அவ்வளவு பெருகியதால் குரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே 2011 முதல் வேட்டையை அனுமதிக்கிறார்கள். எண்ணிக்கை அதிகம், கூச்சமும் அதிகம்.

எந்த லென்ஸ்

பறவைக்காரர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. பீரங்கி போன்ற 600 மி.மீ. எஃப் 4 லென்ஸை வீட்டிலேயே, ஈரம் அண்டாத டிரை கேபினட் அலமாரிக்குள்ளேயே விட்டுவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச்சட்டக் கேமராவில் (உணரியின் அகலம் 36 மி.மீ.) நாற்பது மீட்டர் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸின் சட்ட அகலம் 2.4 மீட்டர். பக்கவாட்டில் நிற்கும் பெரிய ஆண் மூஸ் அதில் அடங்காது. 400 மி.மீ. என்றால் 3.6 மீட்டர், உடலும் சற்று மூச்சுவிட இடமும் கிடைக்கும். 100 மி.மீ.யில் 14 மீட்டருக்கு மேல், செந்நிறப் புதரும் மலையும் சேர்ந்து வரும். சண்டை ஆரம்பித்தால் இரண்டு உடல்கள் ஒரே சட்டத்தில் விழ வேண்டும். நிலைத்த குவியத் தூர லென்ஸை வைத்திருப்பவர் அப்போது பின்வாங்கி ஓட வேண்டியிருக்கும், கரடு முரடான புதரில் அது நடக்காது. 100-400, 100-500 வகை ஜூம்தான் சுகாச்சுக்கும் டீட்டனுக்கும் சரி. தம்பியிடம் இருக்கும் 200-600 லென்ஸும் தாராளமாகப் போதும், கூடவே ஒரு சிறிய 24-105 இருந்தால் நல்லது. சாரெக்குக்குத்தான் 600 உண்மையில் பயன்படும். அங்கே அதைச் சுமக்கவும் முடியாது.

லென்ஸின் துளை அகலத்திலும் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) பறவைப் பழக்கத்தை விட வேண்டும். கண்ணில் குவியம் வைத்து எஃப் 2.8இல் எடுத்தால், 400 மி.மீ.யில் 25 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் முக்கால் மீட்டரைக்கூட எட்டாது. ஒன்றரை மீட்டர் அகலக் கொம்பு சாய்ந்து நிற்கும்போது ஒரு பக்கத் தட்டு மங்கிவிடும். எஃப் 8இல் அந்த ஆழம் ஏறக்குறைய 1.9 மீட்டர். கொம்பே படத்தின் பொருள் என்றால் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறன் எண் ஏறினால் ஏறட்டும். மோதலுக்கு 1/1000 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள்.

ஒளி அளப்பதுதான் உண்மையான சிக்கல். உடல் கிட்டத்தட்டக் கருப்பு, கொம்பு மழையில் நனைந்தால் பளபளக்கும். கேமரா கருப்பைக் கண்டு படத்தை வெளிற வைக்க, கொம்பின் வரிகள் வெளுத்து அழிந்துபோகும். இதைப் பழகிக்கொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. செபராங் பிறை வயல்களில் எருமை முதுகில் கொக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இரண்டு காலைப்பொழுது செலவழியுங்கள். கொக்கின் இறகு வரி தெரிய, எருமையின் தோலும் அட்டக் கருப்பாகாமல் இருக்க எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கைக்கு வந்துவிட்டால், மூஸுக்கும் அதே அளவுதான். கொம்பை மரங்களின் மேல் வைத்து எடுத்தால் கிளையும் கொம்பும் குழம்பிப்போகும். சரிவில் சற்றுக் கீழே நின்று, வானமோ மூடுபனியோ பின்னால் வரும்படி எடுங்கள்.

பனிமூட்டம் லென்ஸில் படிவதை நாம் அறிவோம், ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தால் இங்கே நடப்பதுதான். அங்கே திசை தலைகீழ்: குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள்.

நிற்கும் தூரம்

கிராண்ட் டீட்டனில் மூஸிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி ஓநாயிடமிருந்து 91 மீட்டர் விலகி நிற்பது சட்டம். பருவத்தின் ஆண் மூஸுக்கு 23 மீட்டர் மிகக் குறைவு என்பது என் கருத்து. அலாஸ்காவின் பெரிய ஆணுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு கொடுங்கள். காது பின்னால் படிந்து, தோள் திமிலின் மயிர் சிலிர்த்து, நாக்கால் உதட்டை நக்கத் தொடங்கினால் பேச்சு முடிந்தது, விலக வேண்டும். கரடியிடம் ஓடக்கூடாது என்பார்கள். மூஸ் பாய்ந்தால் ஓடலாம், ஓடிப் பெரிய மரத்தின் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். அலாஸ்காவின் அந்தப் பள்ளத்தாக்கில் மரமே குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர்ப் பறவைக்காரர்களிடம் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இருக்கிறது. பிரேசர் மலையில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூஸிடம் அந்த வேலை வேண்டாம். பெண்ணின் குரலைக் கேட்டு வரும் 600 கிலோ ஆண், வந்த இடத்தில் பெண் இல்லையென்றால் யாரைப் பார்க்கும்? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இனப்பெருக்கக் காலத்தில் விலங்கை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம். டிரோனுக்கும் அங்கே தடை.

வேலியிட்ட பூங்காக்களில் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆங்கரேஜிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டரில் அலாஸ்கா காட்டுயிர்ப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, சுவீடனிலும் மூஸ் பூங்காக்கள் உண்டு. பெற்றோரையோ குழந்தைகளையோ கூட்டிப் போனால் ஒரு மதியம் நன்றாகக் கழியும். படத்தின் கீழ் வேலிக்குள் எடுத்தது என்று எழுதிவிட்டால் யாருக்கும் வம்பில்லை.

தம்பிக்கு

உங்கள் நிலைமைக்கு ஆங்கரேஜ்தான். தனியாகப் போகிறீர்கள், நடக்க முடியும், பெரிய கொம்பு வேண்டும் என்கிறீர்கள். பத்து இரவுகளையும் ஒரே ஊரில் வையுங்கள். ஐந்து நாள் அலாஸ்கா, ஐந்து நாள் டீட்டன் என்று பிரிக்க நினைத்தால் மழையும் விமான நிலையமும் பாதியைத் தின்றுவிடும். முதல் இரண்டு நாளுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், எந்த ஆண் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதை அவரிடமிருந்து தெரிந்துகொண்ட பிறகு தனியாகப் போகலாம். குடும்பத்தோடு போகிற செந்தூல் நண்பருக்கு டீட்டன், அதுவும் செப்டம்பர் கடைசியில். கொம்பு மட்டும் போதும் என்று சொல்லும் இன்னொருவருக்கு நவம்பர் டீட்டன்.

முதலில் செய்ய வேண்டியது விசா. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதை வைத்தே மற்றவை நகரும். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை அதற்குமுன் வாங்க வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. கிழக்காசியாவில் ஒருமுறை, சியாட்டில் போன்ற ஊரில் இன்னொரு முறை மாற வேண்டும், பயணமே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஜூலை இறுதியில் விசா கையில் இல்லையென்றால் செப்டம்பரை விட்டுவிட்டு நவம்பர் டீட்டனுக்கு மாறுங்கள். விசா மறுக்கப்பட்டால் மட்டும் சுவீடன், அதுவும் சாரெக்குக்குப் பழக்கப்பட்ட வழிகாட்டி கிடைத்தால்.